சொட்டுவது ஓரிடம், கசிவது ஓரிடம்

வீட்டு வாசலிலேயே கார் பழுது பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பழைய சாக்கை விரித்துக் காருக்கு அடியில் தலையை நுழைக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மாருதி 800, சென், அம்பாசிடர், சான்ட்ரோ என்று வாரன்டி முடிந்து காலம் பல கடந்த வண்டிகளை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள். சிலர் செலவுக்குப் பயந்து இதில் இறங்கியவர்கள். சிலருக்கு அது அப்பா ஓட்டிய வண்டி. பிறர் கையில் விட மனம் வராது. இன்னும் சிலருக்கு, தினமும் ஏறி உட்காருகிற இயந்திரத்துக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. எல்லாமே மதிக்கத்தக்க காரணங்கள். நானும் உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உரிமையில், எஞ்சின் ஆயில் ஒழுகுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

வீட்டில் பழுது பார்க்கிறவர்கள் முதலில் கை வைக்கிற வேலைகளில் ஒன்று இது. அவசரத்தால் அதிகம் கெட்டுப்போகிற வேலையும் இதுதான். வழக்கமாக நடப்பது உங்களுக்கே தெரியும். காலையில் வண்டியை எடுத்ததும் தரையில் ஒரு கறுப்புப் பொட்டு. குனிந்து பார்த்தால் ஆயில் சம்ப் ஈரமாக இருக்கிறது. உடனே சம்ப் போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்குகிறோம். நிற்கவில்லை. அடுத்த வாரம் சம்ப் விளிம்பைச் சுற்றி சிலிக்கான் பசையை அப்புகிறோம். அப்போதும் நிற்கவில்லை. பிறகு யாரோ ஒருவர், "பின்னாடி கிராங்க் சீல் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார். ஆயிரக்கணக்கில் கூலி கொடுத்துக் கியர்பாக்ஸ் இறங்கி ஏறுகிறது. சில வாரம் கழித்து அதே இடத்தில் அதே பொட்டு. கடைசியில் பார்த்தால், கசிந்தது எஞ்சினின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவர் பேக்கிங்.

ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓடு உடைந்திருப்பது ஓரிடம். தண்ணீர் கைமரம் வழியே ஓடிவந்து கூடத்தில் சொட்டுவது இன்னோரிடம். எஞ்சினிலும் எண்ணெய் மேலிருந்து கீழே வழிகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதை முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் தள்ளுகிறது. ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களிலேயே எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறதோ அங்கேதான் கசிவின் பிறப்பிடம் இருக்க வாய்ப்பு அதிகம். சம்ப்பின் அடிப்பகுதி எல்லா எண்ணெயும் வந்து சேரும் வாசல் மட்டுமே.

அதற்கும் முன்னால், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று உறுதிசெய்யுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். காலையில் அட்டையே பேசும். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கூடுதல் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். பச்சை அல்லது இளஞ்சிவப்பில் இனிப்பு வாடை அடித்தால் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்தின் உட்பக்கத்தில் வெளிர்மஞ்சளாக நீர்த்த திரவம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அன்று வண்டியை எடுக்கவே கூடாது. ஏ.சி. போட்டு ஓட்டிய நாளில் சொட்டுவது வெறும் தண்ணீராகவும் இருக்கும்.

எஞ்சின் ஆயில்தான் என்று தெரிந்துவிட்டதா? ஸ்பானரைத் தொடாதீர்கள். முதல் வேலை கழுவுவது. அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து கறுத்த களிம்பாக ஒட்டியிருக்கும் எஞ்சினில் எந்தக் கண்ணும் கசிவைக் கண்டுபிடிக்காது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், வயர் இணைப்புகளைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, டிகிரீசரும் பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஒரு பொறி போதும். வழியும் அழுக்கை அடியில் ஒரு தட்டு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். துடைக்க பனியன் வேஸ்ட்டைவிட நல்லது எதுவும் இல்லை. திருப்பூர் நம் மெக்கானிக்குகளுக்குச் செய்துவரும் பேருதவி அது.

காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவுங்கள். வண்டியைப் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சில் எண்ணெய் பட்ட இடம் கறுத்துத் தெரியும். அது எந்தக் கோட்டில் இறங்கியிருக்கிறது என்பதும் தெரியும். கசிவு மிக மெதுவானது என்றால் எண்ணெயில் கலக்கும் ஒளிர்சாயமும் புற ஊதா டார்ச்சும் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலான வண்டிகளுக்கு பவுடரே போதும். பவுடர் டப்பாவைக் காட்டினால் சிரிப்பார்கள் என்று தயங்காதீர்கள். ஒரு கியர்பாக்ஸ் கூலியை அது மிச்சப்படுத்தும்.

அடியில் போவதற்கு முன் ஒன்று சொல்லியாக வேண்டும், இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் நீட்டக் கூடாது. உரிய எடை தாங்கும் இரண்டு ஸ்டாண்டுகளை வாங்குங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் விரிசல் விட்டு எச்சரிப்பதில்லை. ஒரே கணத்தில் நொறுங்கிவிடும். சமதளம், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், மண் தரையென்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை. கழற்றிய ஸ்டெப்னியையும் கதவுக்குக் கீழே பாடிக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். படுப்பதற்கு முன் வண்டியைக் கையால் தள்ளி அசைத்துப் பாருங்கள். வீட்டில் யாராவது ஒருவர் குரல் கேட்கும் தொலைவில் இருக்க வேண்டும். நம் தெருக்கள் பெரும்பாலும் சாக்கடைப் பக்கம் சரிந்திருப்பவை. சரிவில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

இனி, எங்கே தேடுவது? மேலிருந்து தொடங்குங்கள். டேப்பட் கவர் பேக்கிங் பெரும்பாலும் ரப்பர். பழைய எஞ்சின்களில் கார்க். எஞ்சினின் சூட்டில் வெந்து வெந்து ரப்பர் பிளாஸ்டிக்போல இறுகிவிடும். மாருதி 800, அம்பாசிடர் இரண்டுமே 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். அதாவது இன்று ஓடும் மிக இளைய மாருதி 800-இலும் கம்பெனியில் போட்ட ரப்பர் மாற்றப்படாமல் இருந்தால் அதற்குப் பத்து வயதுக்கு மேல். அது கசிவதில் வியப்பே இல்லை. மாற்றுவது எளிது, விலையும் குறைவு.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800-இலும் சென்னிலும் டிஸ்ட்ரிப்யூட்டர், கேம்ஷாஃப்டின் முனையில், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அதன் அடியில் உள்ள ரப்பர் வளையம் இறுகிவிட்டால் எண்ணெய் நேராகக் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில்தான் வழியும். கீழேயிருந்து பார்க்கிறவர் கிராங்க் சீல் என்றே சத்தியம் செய்வார். ஒரு சின்ன வளையத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கிய கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

அடுத்து ஆயில் பிரஷர் சுவிட்ச். இதன் வயர் முனையைக் கழற்றிப் பார்த்து உள்ளே எண்ணெய் இருந்தால், சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே உடைந்து கசிகிறது என்று பொருள். எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிறகு ஆயில் ஃபில்டர், டிரெய்ன் போல்ட், டைமிங் பெல்ட் பக்கமுள்ள ஆயில் சீல்கள், கடைசியாகச் சம்ப். டைமிங் பெல்ட் பக்கம் ஈரம் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் பட்ட ரப்பர் பெல்ட் ஊறிக் கெடும், ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் வளைந்துபோகும் எஞ்சின்கள் பல உண்டு.

இப்போது நான் மிக முக்கியமென்று நினைப்பதற்கு வருகிறேன். பல இடங்களில் ஒரே சமயத்தில் கசிகிறதா? இந்த மாதம் ஒரு சீலை மாற்றினால் அடுத்த மாதம் இன்னொரு சீல் ஒழுகுகிறதா? அப்படியானால் சீல்களை விட்டுவிட்டு எஞ்சினின் மூச்சுக்குழாயைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் எப்போதும் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வாயுவை இழுத்து மறுபடியும் எஞ்சினுக்குள் எரிக்க அனுப்புவது பி.சி.வி. வால்வு என்ற சின்னஞ்சிறு உறுப்பு. அது கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் எந்த சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியே எண்ணெயை வெளியே தள்ளுகிறது. அதை மாற்றினால் அடுத்ததைத் தேடிப் போகிறது.

பல வண்டிகளில் இந்த வால்வைக் கையாலேயே கழற்றிவிடலாம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதோடு சேரும் ரப்பர் குழாய்களையும் கழற்றி ஊதிப் பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பதும் ஒரு சோதனை. லேசான காற்று வருவது இயல்பு. புகை விட்டுவிட்டுக் குபுகுபுவென்று தள்ளினால், மூச்சுக்குழாய் அடைத்திருக்க வேண்டும், அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்க வேண்டும். முன்னது சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. பின்னது எஞ்சின் வேலை. இரண்டில் எது என்று தெரியாமல் சீல் மேல் சீலாக மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கி இதே தொல்லையைக் கொடுக்கும். டிப் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சின்னக் கார்கள் பலவற்றில் முக்கால் முதல் ஒரு லிட்டர்தான் வித்தியாசம். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள்.

கசியும் இடம் தெரிந்துவிட்டால் அடைக்கும் வேலை பாதி முடிந்ததுபோலத்தான். மீதிப் பாதியைக் கெடுப்பது நம் கைப்பலம். "இன்னும் ஒரு இறுக்கு" என்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். டேப்பட் கவர் போல்ட்டுகளுக்குத் தேவையானது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரைச் சுற்றியுள்ள மிகக் குறைந்த முறுக்கு. டிரெய்ன் போல்ட்டுக்குப் பல சிறிய கார்களில் 35-ஐச் சுற்றி. உங்கள் வண்டிக்குரிய சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கிவிடுங்கள்; நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து வாங்கினாலும் சரி. அதிகமாக இறுக்கினால் பேக்கிங் பிதுங்கிக் கிழியும். தகரச் சம்ப் என்றால் போல்ட் துளையைச் சுற்றி விளிம்பு குழிந்துவிடும், பிறகு புதுப் பேக்கிங்கும் உட்காராது. அப்படிக் குழிந்ததை ஒரு மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்கிய பிறகே மாட்ட வேண்டும். அலுமினியச் சம்ப்பில் மரை போய்விட்டால் பெரிய போல்ட்டைத் திணிக்காதீர்கள். லேத் பட்டறையில் புது மரை போட்டுக் கொடுப்பார்கள். டிரெய்ன் போல்ட்டின் வாஷர் செம்போ அலுமினியமோ, ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும். ஒவ்வொரு தடவையும் புதிது போடுங்கள்.

சிலிக்கான் பசையைப் பற்றி. அது கெட்ட பொருள் இல்லை. பல எஞ்சின்களில் சம்ப்புக்குத் தனிப் பேக்கிங்கே கிடையாது. கம்பெனியிலேயே பசை வைத்துத்தான் மாட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் வைப்பது மெல்லிய ஒரு கோடு. இரு முகங்களையும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடைத்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, அந்தக் கோட்டைப் போல்ட் துளைகளின் உட்புறமாக இழுத்து மாட்டி, முழுதாக இறுகக் குழாயில் அச்சிட்டுள்ள நேரம் வரை, பெரும்பாலும் ஒரு நாள், காத்திருந்து அப்புறம் ஆயில் ஊற்ற வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஈரமான விளிம்பின் மேலேயே வெளிப்பக்கமாகத் தடவுகிறோம். எண்ணெய் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. அல்லது உள்ளே கட்டியாக அப்பி மூடுகிறோம். வெளியே பிதுங்கியதைப் பார்த்து நிம்மதி அடைகிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கிறது. அது துணுக்காக உடைந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையில் போய் அடைத்தால் எஞ்சினுக்கு எண்ணெய் ஏறாது. ஒரு சொட்டை நிறுத்தப் போய் எஞ்சினையே இழப்பது இப்படித்தான்.

ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு சேர்ந்து வந்துவிட்டதா என்று கையால் தடவிப் பாருங்கள். அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால் முதலில் எல்லாம் சரியாகவே தோன்றும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம் டயர் காற்றழுத்தத்தையும் தாண்டும். இரட்டை ரப்பர் பிதுங்கி, ஓரிரு நிமிடத்தில் மொத்த ஆயிலும் தரையில் இருக்கும். புது வளையத்தில் ஒரு துளி ஆயில் தடவி, அது எஞ்சின் முகத்தைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையாலேயே. ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ஃபில்டரையும் ஆயிலையும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள், நம் சந்தையில் போலிகள் உண்டு. சென்னை ஜி.பி. ரோட்டில் புதிதாகக் கிடைக்கிற பேக்கிங்கை, விலை குறைவென்று புதுப்பேட்டைப் பழைய எஞ்சினிலிருந்து கழற்றி வாங்காதீர்கள்.

டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், அது "ஆயில் குறைகிறது" என்ற நினைவூட்டல் இல்லை. அழுத்தமே போய்விட்டது என்ற அறிவிப்பு. ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். பக்கத்து பெட்ரோல் பங்க் வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். அதேபோல் சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் எண்ணெய் சொட்டி வண்டிக்குள் கருகல் வாடை அடித்தால், அது எவ்வளவு சின்னக் கசிவாக இருந்தாலும் அன்றே நிறுத்த வேண்டியது. தீப்பிடிக்கும் ஆபத்து அங்கேதான்.

எல்லாக் கசிவையும் நிறுத்தியே தீர வேண்டும் என்பதும் இல்லை. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் வழியில் வந்தது. அந்த வடிவமைப்பில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது; தண்டில் வெட்டிய திருகுமரை, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். நிற்கும்போது ஒன்றிரண்டு சொட்டு விழுவது அதன் பிறவிக் குணம். அம்பாசிடர் வைத்திருக்கும் பெரியவர்கள் ஒரு தட்டு வைத்துவிட்டு, டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அதுவும் சரியான பராமரிப்புதான். மற்ற வண்டிகளில் உண்மையாகவே பின் கிராங்க் சீல் போயிருந்தால், கிளட்ச் நழுவத் தொடங்கியிருந்தால், அது வாசலில் செய்யும் வேலை இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோங்கள். "எஞ்சினைக் கழுவி, பவுடர் போட்டுப் பார்த்தேன், மேலே எல்லாம் காய்ந்திருக்கிறது, கியர்பாக்ஸ் மூடியின் அடியில் மட்டும் ஈரம்" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அந்த ஒரு வாக்கியத்தை மதிப்பார்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று இவ்வளவு கவனமாகத் தேடும் நாம், அது எங்கே போகிறது என்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தெருவில் தள்ளுகிறோம். சென்னையில் அந்தத் தண்ணீர் மழைநீர் வடிகால் வழியே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியது. மீனவர்கள் வாளியாலும் கையாலும் அதை அள்ளினார்கள். அது ஆலைப் பகுதியின் எண்ணெய், நம் வாசலின் எண்ணெய் இல்லைதான். ஆனால் ஒரு தடவை ஆயில் மாற்றும்போது வெளியேறும் பழைய எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர். ஒரு தெருவில் எத்தனை கார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சிந்தியதன் மேல் மரத்தூளோ சாம்பலோ தூவி, ஊறவிட்டு, கூட்டி அள்ளித் தனிப் பையில் கட்டுங்கள். வடித்த எண்ணெயைக் கரையான் வராது என்று கதவுநிலைக்கும் வேலிக்காலுக்கும் பூசுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சென்ட்ரிங் பலகைக்குக் கேட்டு வாங்கிப் போகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். மழையில் கழுவப்பட்டு அது மண்ணுக்குத்தான் போகும். எரிந்து தேய்ந்த எண்ணெயில் புற்றுநோயைத் தூண்டும் சேர்மங்கள் சேர்ந்திருக்கின்றன. கையுறை போடுங்கள். எண்ணெய்த் துணியைச் சட்டைப்பையில் செருகாதீர்கள். பெட்ரோலில் கை கழுவாதீர்கள்; தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டால் கறை போகும்.

பயன்படுத்திய எண்ணெய் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. 2023-ல் அந்த விதிகளைத் திருத்தி, விற்ற எண்ணெயைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2024 ஏப்ரல் 1 முதல் உற்பத்தியாளர்கள் மேல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சங்கிலி நம் வாசல் வரை வர வேண்டுமானால் நாம்தான் முதல் கண்ணியைக் கோக்க வேண்டும். உங்கள் தெருவில் சொந்தமாக ஆயில் மாற்றுகிறவர்கள் மூன்று நான்கு பேராவது இருப்பீர்கள். எல்லோருக்கும் பொதுவாக மூடி இறுகும் 20 லிட்டர் கேன் ஒன்றை ஒருவர் வீட்டில் வையுங்கள். அதில் கூலன்ட்டோ பிரேக் ஆயிலோ தண்ணீரோ கலக்கவே கூடாது. கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். பழைய ஃபில்டரைத் துளையிட்டுக் கவிழ்த்து ஓரிரவு வடியவிட்டு, அந்த எண்ணெயையும் அதிலேயே சேருங்கள். கேன் நிறைந்ததும், பழைய எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டராகப் பார்த்து ஒப்படையுங்கள். கொடுக்கும் முன், "இதை யார் வந்து எடுக்கிறார்கள், அவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த சென்டருக்குப் போங்கள். புது ஆயில் வந்த காலிக் கேன்களை வெட்டியோ துளையிட்டோ போடுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்கள் கையில் அவை சிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்களோடு வாசலில் வேலை செய்யும் ஒருவன்